பெயரும் பேரேடும்

கணக்கில் பிழை என்றதும் கூட்டலிலும் கழித்தலிலும் நேரும் பிழையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் கூட்டலும் கழித்தலும் சரியாக இருந்தும் கணக்குப் பிழைபடுவதுண்டு. தொகை சரி, தேதி சரி, கையொப்பம் சரி, எழுதப்பட்ட பக்கம் மட்டும் வேறொருவருடையது. இதற்குக் காரணம் யாதெனில், ஒரே பெயரை இருவர் தாங்கி நிற்பதேயாகும்.

நாம் அறிந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் சுப்பிரமணியன் என்னும் பெயருடைய அங்கத்தினர் இருவர். ஒருவருடைய தந்தையார் கந்தசாமி. மற்றவருடைய தந்தையார் கருப்பண்ணன். ஆகவே இருவரும் 'க. சுப்பிரமணியன்' ஆயினர். முன்னவர் தறிக்கடனுக்காகத் தம் கூலியிலிருந்து செலுத்தி வந்த தவணைகளுள் மூன்று, பின்னவருடைய பேரேட்டுப் பக்கத்தில் வரவாகிவிட்டன. பின்னவரும் கடன் பெற்றிருந்தவரே. தம் பாக்கி குறைந்திருப்பதைக் கண்ட அவர், தம் கூலியில் பிடித்த தொகையே வரவாயிற்று என்று நம்பினார். அவர்மீது குற்றமில்லை. முன்னவர் பொங்கலுக்கு முன்னர்ப் பாவுநூல் கேட்டுச் சென்றபோது, தவணை தவறியவர் என்று கூறி அவருக்கு நூல் மறுக்கப்பட்டது. ரசீதுகளைத் தேடி எடுத்துக் காட்டிப் பிழையைத் திருத்துவதற்குள் பத்து நாட்கள் தறி நின்றது. செலுத்திய தொகை உரியவர் பக்கத்திற்குத் திரும்பியது. பத்து நாள் கூலியும், பலர் முன்னிலையில் அவர் அடைந்த தலைகுனிவும் திரும்பவில்லை.

ஒரே பெயரைப் பலரும் பல பொருள்களும் தாங்குவது மொழியில் இயல்பு. பேரேடு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'பேர்' என்பது பெயரையும் குறிக்கும், பெருமையையும் குறிக்கும். ஆதலால் பேரேடு என்பதைப் பெரிய ஏடு என்றும் கொள்ளலாம். பெயர்கள் எழுதிய ஏடு என்றும் கொள்ளலாம். நெசவாளர் வீட்டில் அச்சு என்றால் பாவிழைகள் நுழைந்து செல்லும் அச்சு. வண்டிக்காரருக்கு அது சக்கரங்களை இணைப்பது. அச்சகத்தாருக்கு அதுவே எழுத்து. நூல் என்பது தறியில் இழை, பள்ளியில் புத்தகம். இவற்றால் எவரும் நஷ்டமடைவதில்லை. வண்டியின் அச்சு முறிந்தது என்று கேட்டு எவரும் தறியைப் பார்க்க ஓடுவதில்லை. பேசுவோரும் கேட்போரும் எதிரெதிரே இருப்பதால், இடம் நோக்கிப் பொருள் விளங்கிவிடுகிறது.

அதே பெயர் எழுத்தில் ஏறி, எழுதியவர் இல்லாத இடத்திற்குச் சென்று, பணமும் எடையும் உரிமையும் அதனை நம்பி நிற்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அங்கே பெயர் மட்டும் போதாது. பெயரோடு ஒரு துணைக்குறி வேண்டும். துணைக்குறி உள்ள இடத்தில் ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு இருந்தாலும் தீங்கில்லை. அஃது இல்லாத இடத்தில் இருவருக்கு இருந்தாலே தீங்கு உண்டு. நம் அங்கத்தினர்கள் நாள்தோறும் கையாளும் பெயர்கள் சிலவற்றைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறோம்.

மனிதர் பெயர்

பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம்மவர் வழக்கம். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபாகும்; பாட்டனார் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஊர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் தெய்வத்தின் பெயரை இடுவதும் வழக்கம். ஆகவே ஓர் ஊரிலே ஒரே பெயருடையவர் பலர் இருப்பது வியப்பன்று; இல்லாதிருந்தால்தான் வியப்பு.

இதற்குப் பரிகாரமாகத் தந்தையார் பெயரின் முதல் எழுத்தை முன்னே எழுதுகிறோம். அது பாதிப் பரிகாரமே. தந்தையார் பெயர்களும் அதே தெய்வங்களின் பெயர்களாக இருப்பதால், முதலெழுத்துகளும் மீண்டும் மீண்டும் ஒன்றாகவே அமைகின்றன. மேலும், சங்கத்தில் தமிழிலும் பாங்கில் ஆங்கிலத்திலும் பெயர் எழுதப்படுகிறது. தமிழில் 'க' என்னும் ஒரே எழுத்து ஆங்கிலத்தில் இருவேறு எழுத்துகளாக மாறக்கூடும். சுப்பிரமணியன் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகின்றனர். இதனால் இருவர் ஒருவராகத் தோன்றுவதோடு, ஒருவரே இருவராகத் தோன்றும் விபரீதமும் உண்டாகிறது. பட்டாவில் ஒரு விதமாகவும் பாங்குப் புத்தகத்தில் வேறு விதமாகவும் பெயர் இருப்பதால், கடன் பெறத் தடைப்பட்டு நிற்போர் பலர்.

தேர்தலில் ஒரே பெயருடைய வேட்பாளர் பலர் நிற்கும்போது வாக்காளர் மயங்குவதைத் தவிர்க்க, 2015-ஆம் ஆண்டு மே முதல் வாக்குச் சீட்டிலும் வாக்குப்பதிவு இயந்திரத்திலும் வேட்பாளரின் புகைப்படத்தைச் சேர்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. நாட்டின் தேர்தலுக்கே பெயரும் சின்னமும் போதாமல் முகமும் வேண்டியதாயிற்று. ஆதார் அட்டையில் 12 இலக்க எண் இருப்பதும் இதே தேவையால்தான். நிலத்திற்கு சர்வே எண்ணும் பட்டா எண்ணும் இருப்பதும் அவ்வாறே.

நம் சங்கங்களில் இத்துணைக்குறி அங்கத்தினர் எண்ணாகும். ஆனால் அதனைத் தம் நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்? 'என்னைத் தெரியாதா?' என்று கேட்டுப் பணத்தைக் கட்டிவிட்டுச் செல்வதே நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. குமாஸ்தா மாறினால், புத்தகம் கணிப்பொறிக்கு மாறினால், தெரிந்த முகம் உதவுவதில்லை. பாட்டனார் காலமாகி, அவர் பெயரையே தாங்கிய பேரன் அங்கத்தினராகச் சேரும் குடும்பங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பாட்டனாரின் பங்குத் தொகையை வாரிசுக்கு மாற்றி அக்கணக்கை முடிக்காவிட்டால், ஒரே பெயரில் இரண்டு பக்கங்கள் நின்று, இறந்தவர் உயிரோடிருப்பவராகவும் உயிரோடிருப்பவர் வேறொருவராகவும் கணக்கில் தோன்ற இடமுண்டு.

ஊர்ப் பெயரும் எடைப் பெயரும்

மனிதருக்கு உள்ள இத்தொல்லை ஊர்களுக்கும் உண்டு. ஆரணி என்றவுடன் நெசவாளர்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள பட்டு நெசவு ஊர் நினைவுக்கு வரும். அது கமண்டல நாகநதிக் கரையில் உள்ளது. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரிக்கு அருகிலும் ஓர் ஆரணி இருக்கிறது. அங்கே ஓடுவது ஆரணியாறு. பட்டு நெசவு ஆரணிக்கும் ஆரணியாற்றுக்கும் சம்பந்தமில்லை. புதுப்பட்டி, புதூர், மேட்டுப்பாளையம் போன்ற பெயர்களோ எண்ணிறந்தன.

இந்திய நாடு முழுவதிலும் இவ்வாறு ஒரே பெயருடைய ஊர்கள் மிகுந்திருந்ததும், பல மொழிகளில் முகவரிகள் எழுதப்பட்டதும், தபால் இலாகாவுக்குப் பெருந்தொல்லையாயிருந்தன. அதனைத் தீர்க்க 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் ஆறு இலக்கத் தபால் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த பகுதிக்கு முதல் இலக்கம் 6. கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தை வழங்கும் தபால் நிலையத்தைக் குறிக்கும். எந்த ஊரும் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பெயருக்குப் பின் ஆறு இலக்கங்கள் சேர்ந்தன. அவ்வளவே.

எடையின் பெயரால் நேர்ந்த தொல்லை இதனினும் பழையது. மணங்கு என்பது எங்கும் வழங்கிய எடை. ஆனால் சென்னை மணங்கு 25 ராத்தல். பம்பாய் மணங்கு 28 ராத்தல். வங்காள மணங்கு 82 ராத்தலுக்குச் சற்று மேல். கண்டி என்பதும் அவ்வாறே. கண்டி இலங்கையில் ஒரு நகரம். வியாபாரத்தில் ஓர் எடை. சென்னைக் கண்டி 500 ராத்தல். பம்பாய்ப் பஞ்சு வியாபாரத்தில் கண்டி 784 ராத்தல். ஒரு கண்டிப் பஞ்சு இன்ன விலை என்று மட்டும் கேட்டு விற்ற விவசாயி, எந்தக் கண்டி என்று கேட்கத் தவறினால் 284 ராத்தல் வித்தியாசத்தை இழக்க நேர்ந்திருக்கும். அறியாதவன் இழந்ததை அறிந்தவன் பெற்றான்.

இந்நிலையை மாற்ற 1956-இல் எடை அளவுச் சட்டம் நிறைவேறி, 1958-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாகப் புகுத்தப்பட்டது. கிலோ என்பது சென்னையிலும் கல்கத்தாவிலும் ஒன்றே. எனினும் பழைய பெயர் முற்றும் மறையவில்லை. பஞ்சு விலை இன்றும் கண்டிக் கணக்கில்தான் கூறப்படுகிறது. இப்போது அது சுமார் 356 கிலோ, அதாவது பழைய 784 ராத்தல். பேல் என்பதும் இங்கே 170 கிலோ; அமெரிக்காவில் 480 ராத்தல், அதாவது சுமார் 218 கிலோ. பத்திரிகையில் வெளிநாட்டு விளைச்சலைப் பேல் கணக்கில் படிக்கும்போது, எந்நாட்டுப் பேல் என்று பார்த்த பின்னரே நம் விளைச்சலோடு ஒப்பிட வேண்டும்.

நாற்பது என்னும் எண்

எடைக்குக் கிலோ வந்ததுபோல் நூலுக்கு ஒரே அளவு இன்னும் வழக்கில் நிலைபெறவில்லை. ஆதலால் நெசவாளர் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு.

பருத்தி நூலில் 40-ஆம் நம்பர் என்றால், 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை என்பது பொருள். அதாவது ஒரு ராத்தலில் 33,600 கஜம் நூல் இருக்கும். 20-ஆம் நம்பரில் ஒரு ராத்தலுக்கு 16,800 கஜமே. ஆகவே எண் ஏற ஏற நூல் மெல்லியதாகிறது. லினன் நூலிலும் 40 என்னும் எண் உண்டு. ஆனால் அங்கே கணக்குக்கு எடுப்பது 300 கஜம். ஆதலால் ஒரு ராத்தலுக்கு 12,000 கஜமே கிடைக்கும். எண் ஒன்றாயினும் லினன் நூல் பருத்தி நூலைவிட மிகவும் தடித்தது.

பட்டிலும் செயற்கை இழையிலும் கணக்கு நேர்மாறானது. அங்கே டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராம் என்பதாகும். 20 டெனியர் இழை மெல்லியது. 40 டெனியர் இழை அதனினும் தடித்தது. பருத்தியில் எண் ஏறினால் மென்மை. பட்டில் எண் ஏறினால் தடிப்பு. பருத்தி நெசவிலிருந்து பட்டுக்கு மாறும் இளம் நெசவாளர் முதலில் தடுமாறுவது இங்கேதான். 40-ஆம் நம்பர் பருத்தி நூலின் தடிப்பை டெனியரில் கூறினால் அது சுமார் 133 ஆகும்.

இன்னும் ஒன்று. 2/40 என்று கட்டில் எழுதியிருந்தால் இரண்டு 40-ஆம் நம்பர் இழைகளை முறுக்கிச் சேர்த்தது என்று பொருள். அதன் தடிப்பு ஏறக்குறைய 20-ஆம் நம்பருக்குச் சமம். 'நாற்பது கொடுங்கள்' என்று மட்டும் கேட்டு, ஒற்றை இழைக்குப் பதில் இரட்டை முறுக்கு நூலைப் பெற்று, பாவு ஓடிய பிறகு வருந்துவதில் பயனில்லை. அச்சுக்கும் நம்பர் உண்டு. ஸ்டாக்போர்ட் முறையில் 60-ஆம் நம்பர் அச்சு என்பது இரண்டு அங்குலத்தில் 60 பல் உடையது. அங்குலத்திற்கு 30 பல். இதற்கும் 60-ஆம் நம்பர் நூலுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆகவே எண்ணைக் கூறும்போது எந்த இழை, எந்த முறை, ஒற்றையா இரட்டையா என்பதையும் சேர்த்துக் கூறுவதே நூல் கேட்கும் முறையாகும். இங்கே எண்ணுக்கே துணைக்குறி வேண்டியிருக்கிறது.

பொன்னிகள் பல

இனி, பயிர் செய்யும் அங்கத்தினர்களுக்குரிய பெயர் ஒன்றைக் காண்போம். பொன்னி என்பது காவிரியின் பெயர். நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் அப்பெயர் உண்டு. கடைக்குச் சென்றால் அரிசியின் பெயர். இம்மூன்றையும் ஒருவரும் மயங்கமாட்டார். ஆனால் அரிசியிலேயே பொன்னி ஒன்றன்று.

மலேசியாவில் தாய்ச்சுங் 65, மாயாங் எபோஸ் 80 என்னும் இரு ரகங்களைக் கலந்து உருவாக்கிய மாசூரி என்னும் நெல், நம் நாட்டிற்கு வந்து தமிழகத்தில் பொன்னி என்னும் பெயர் பெற்றது. அதிலிருந்து தேர்ந்தெடுத்துச் செம்மைப்படுத்திய வெள்ளைப் பொன்னி 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டது. அதன் வயது 135 முதல் 140 நாட்கள். அதே 1986-ஆம் ஆண்டில் ஆந்திராவில் பாபட்லா ஆராய்ச்சி நிலையம் பி.பி.டி. 5204 என்னும் ரகத்தை வெளியிட்டது. அதன் முறையான பெயர் சம்பா மாசூரி. அதன் வயது 145 முதல் 150 நாட்கள். தமிழகத்தில் இதனை ஆந்திரா பொன்னி என்கின்றனர். டீலக்ஸ் பொன்னி என்றும் கூறுவர்.

இவ்விரண்டும் உறவினவே. பி.பி.டி. 5204-இன் பெற்றோருள் ஒன்று மாசூரி. அதன் முன்னோருள் மற்றொன்று, 1921-இல் சென்னை மாகாண சர்க்காரின் தாவரவியல் நிபுணர் கோயம்புத்தூரில் வெளியிட்ட ஜி.இ.பி. 24, மக்கள் அதனைக் கிச்சிலிச் சம்பா என்று அழைத்தனர். ஆகவே ஆந்திரா பொன்னி பழைய பொன்னியின் குடும்பத்தில் பிறந்து அக்குடும்பப் பெயரைத் தாங்குவது. மேலே கூறிய பெயரனைப் போன்றது. ஆனால் பாட்டனாரும் பேரனும் ஒருவரல்லர் என்பதுபோல, இவ்விரு நெல்லும் ஒன்றல்ல.

இதனால் என்ன? வயலில் பத்துப் பதினைந்து நாள் என்பது சிறிதன்று. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும். பிந்தி நடவு செய்தவர், 135 நாள் பயிர் என்று எண்ணி 150 நாள் பயிரை நட்டிருந்தால், கதிர் பால்பிடிக்கும் நாளில் வாய்க்கால் வறண்டிருக்கும். வெள்ளைப் பொன்னி உயர்ந்து வளர்ந்து சாயும் இயல்புடையது. மற்றதற்கு இடும் அளவுக்குத் தழைச்சத்தை இதற்கு இட்டால் பயிர் படுத்துவிடும். இரண்டு விதைகளும் கலந்துவிட்டாலோ, ஒரே வயலில் பாதி முற்றி உதிரும். பாதி பச்சையாக நிற்கும். 'பொன்னி விதை' என்று கேட்டு வாங்கியவருக்குக் கடைக்காரர் பொய் சொன்னார் என்று கூற இயலாது, கொடுத்ததும் பொன்னிதான்.

இங்கே துணைக்குறி விதைப்பையின் அட்டையில் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்கீழ் சான்று விதைக்கு நீல அட்டை. அதற்கு மூலமான ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அதற்கும் மூலமான வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை. அட்டையில் ரகத்தின் முறையான பெயரும் குவியல் எண்ணும் இருக்கும். அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துவது அவசியம். விதை முளைக்காவிடினும், ரகம் மாறிவிடினும், முறையிடுவதற்குச் சான்றாக நிற்பவை அவ்விரண்டுமேயாகும்.

சம்பா என்னும் பெயரிலும் இத்தகைய மயக்கம் உண்டு. அது ஒரு பருவத்தின் பெயர். சீரகச் சம்பா முதலிய நெல் வகைகளின் பெயர். கோதுமையிலும் சம்பாக் கோதுமை உண்டு. கடன் மனுவில் 'சம்பா' என்று மட்டும் எழுதினால், பருவமா ரகமா என்று வினவுவதற்கு இடமாகிறது. பருவத்தைத் தனியாகவும் ரகத்தைத் தனியாகவும் எழுதவேண்டும்.

துணியின் பெயர்

இதுகாறும் கூறியவை, பெயர் ஒன்றாயிருப்பதால் தற்செயலாக நேரும் இழப்புகள். துணியின் பெயரிலோ, வேண்டுமென்றே செய்யப்படும் இழப்பும் உண்டு.

ஊரின் பெயர் துணியின் பெயராவது பழைய வழக்கம். கள்ளிக்கோட்டையின் பெயரால் காலிகோ என்னும் துணி உலகெங்கும் பரவியது. இன்று இங்கிலாந்தில் காலிகோ என்றால் வெளுக்காத சாதாரணப் பருத்தித் துணி. அமெரிக்காவில் பூப்போட்ட அச்சுத் துணி. கள்ளிக்கோட்டைக்கு அதில் பங்கில்லை. மதராஸ் என்றால் நம் கட்டம்போட்ட கைத்தறித் துணி. ஆனால் ஸ்காட்லாந்தில் திரைச்சீலைக்கென நெய்யும் ஒருவகைச் சல்லாத் துணிக்கும் மதராஸ் என்றே பெயர். பெயர் கடல் கடந்து சென்றது. கூலி கடல் கடந்து வரவில்லை.

இந்நாட்டிலும் அவ்வாறே. பட்டு என்னும் ஒரே பெயரை மல்பெரிப் பட்டும், டசர், எரி, முகா என்னும் பட்டுகளும் உரிமையோடு தாங்குகின்றன. இவை பூச்சி நூற்றவை. ஆனால் மரக்கூழிலிருந்து செய்யும் ரேயானும் ஆர்ட் சில்க் என்னும் பெயரால் பட்டுக் குடும்பத்தில் நுழைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வேற்றுமையை நெருப்பு காட்டும். உண்மைப் பட்டு இழையைக் கொளுத்தினால் தலைமுடி கருகும் நாற்றம் எழும். எஞ்சுவது விரலால் நசுக்கினால் பொடியாகும். ரேயான் காகிதம்போல் எரியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். வாங்குவோர் கடையில் சேலையைக் கொளுத்திப் பார்க்க இயலாதாகையால், மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் பட்டு முத்திரை வழங்கப்படுகிறது. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், குறித்த தன்மையுடைய சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் முதலிய 11 வகைகள் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்டுள்ளன.

ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டம் 1999-இல் நிறைவேறி, 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. இதுவே புவிசார் குறியீட்டுச் சட்டம். இதன் பதிவகம் சென்னையில் உள்ளது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி, ஆரணிப் பட்டு, சேலம் வெண்பட்டு, திருபுவனம் பட்டு, கோவை கோரா காட்டன் ஆகியவையும், விளைபொருள்களில் மதுரை மல்லி, ஈரோடு மஞ்சள், விருப்பாட்சி மலை வாழை முதலியனவும் இதில் பதிவு பெற்றுள்ளன. பவானி என்னும் பெயர் நதிக்கு உண்டு, ஊருக்கு உண்டு, அம்மனுக்கு உண்டு; ஆனால் ஜமக்காளத்தின்மீது அப்பெயரை எழுதும் உரிமை அவ்வட்டாரத்தில் உரிய முறையில் நெய்வோர்க்கே உண்டு. பொய்யாகப் பெயரிடுவோர்க்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம்வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது.

ஒரே பெயரை இரு வட்டாரத்தார் நியாயமாகவே கோரினால் என் செய்வது? அதற்கும் இச்சட்டத்தின் 10-ஆம் பிரிவு வழி கூறுகிறது. வாங்குவோர் மயங்காதபடி வேறுபடுத்தக்கூடுமானால், இருவரையும் சமமாக நடத்தி, இரு பெயர்களையும் பதியலாம். ரசகுல்லாவுக்கு வங்காளமும் ஒடிசாவும் உரிமை கோரின. 2017-இல் 'வங்காள ரசகுல்லா'வும் 2019-இல் 'ஒடிசா ரசகுல்லா'வும் தனித்தனியே பதிவாயின. பெயரைப் பறிக்கவில்லை, பெயருக்கு முன் ஒரு துணைக்குறி சேர்ந்தது.

இச்சட்டத்தில் கூட்டுறவாளர் கருதத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. பதிவு பெற்ற ஊர்ப் பெயரை எவரும் விற்க இயலாது. அடகு வைக்கவும் இயலாது. அஃது அவ்வட்டாரத்து உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவான சொத்து. ஒருவர் மட்டமான சரக்குக்கு அப்பெயரை இட்டால், எல்லோருடைய பெயரும் கெடும். சங்கத்தின் பங்குத் தொகையைப் போலவே, ஊர்ப் பெயரும் பலர் சேர்த்து வைத்த முதல். ஆயினும் அதனைப் பயன்படுத்துவோர் தம்மைத் தனியே பதிவு செய்துகொண்டால்தான் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிட்டும். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். தம் ஊர்த் துணிக்கு குறியீடு கிடைத்த செய்தியைப் படித்து மகிழ்ந்ததோடு நின்றுவிட்ட நெசவாளர்கள், தம் சங்கத்தின் மூலம் இப்பதிவைச் செய்துகொள்ள வேண்டுகிறோம்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

மேலே கூறியவற்றால் அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டியவை எளியனவே. அங்கத்தினர் எண்ணை மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும். பணம் செலுத்தும்போது பெயருக்கு முன் எண்ணைக் கூறுதல் வேண்டும். ரசீதில் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று அவ்விடத்திலேயே பார்த்தல் வேண்டும். பட்டா, பாங்குப் புத்தகம், ஆதார், சங்கப் பதிவு ஆகிய நான்கிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கும்படி, தேவை நேருமுன்பே திருத்திக்கொள்ளல் வேண்டும். நூல் கேட்கும்போது இழையும் எண்ணும் முறுக்கும், விதை கேட்கும்போது முறையான ரகப் பெயரும் கூறுதல் வேண்டும். நெய்த துணிக்கு உரிய முத்திரையின்றி வெளியே அனுப்பலாகாது.

நிர்வாக சபையார்க்கும் ஒன்று கூறுவோம். ஒரே பெயருடைய அங்கத்தினர்களின் பட்டியல் ஒன்றைத் தனியே தயாரித்து, வரவு எழுதுபவரின் மேஜைமீது வைத்தல் நலம். ஒரு மாலை வேலையில் முடியும் இக்காரியம், பத்து நாள் தறி நிற்பதைத் தடுக்கும்.

தொடக்கத்தில் கூறிய சுப்பிரமணியன் இருவரையும் பற்றி ஒரு சொல். பிழை திருத்தப்பட்டபோது, தம் பக்கத்தில் தவறி வந்த தொகையை மறுபேச்சின்றித் திருப்பி எழுதச் சொன்னவர் பின்னவரே. அன்றுமுதல் கூலி நாளில் இருவரும் சேர்ந்தே சங்கத்திற்கு வருகின்றனர். குமாஸ்தா ஒருவருடைய புத்தகத்தில் எழுதி முடித்ததும், மற்றவர் அதனை வாங்கி எண்ணைப் படித்துப் பார்த்துத் திருப்பித் தருகிறார்.